மூன்று முளையும் ஒரு நூலும்

"நிறுத்துண்ணே! கொட்டாதே!"

பின்னோக்கி ஊர்ந்த டிப்பரின் பக்கப் பலகையைப் படபடவென்று தட்டிக்கொண்டே ஓடினான் ஷாநவாஸ். வண்டிக்குப் பின்னால் இரண்டு கைகளையும் விரித்து ஒரு பெண் நின்றாள். டிரைவர் மிதித்த மிதியில் பீங்கான் தொழிற்பேட்டையின் புதுச் சாலை முழுக்கப் புழுதி.

தாஜ் நிஷா பைக்கிலிருந்து நிதானமாக இறங்கினாள். தொழில் நில அளவை. அளவில் வம்பு என்றால் விருத்தாசலத்தில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அக்கா அளப்பாள், உதவியாளன் ஷாநவாஸ் அவசரப்படுவான்.

"நான்தான் போன் பண்ணேன். அன்பரசி. இந்த ரோட்டைக் கம்ப்யூட்டர்ல போட்டது நான்" என்றாள் அந்தப் பெண். "ரோடு எறங்கி ஏறுற பள்ளத்துல உயரம் காட்ட அடிச்ச மட்ட முளைங்க என் கணக்கைவிடத் தாழ்வா இருக்குது. இப்படியே ஜல்லி கொட்டிட்டா ரோடு கத்தி மாதிரி மடங்கிடும். பீங்கான் ஏத்துன லாரி ஒவ்வொண்ணும் எகிறும். நீங்க முளையை அளந்து சொல்லுங்க, அது போதும்."

"போதுமா?" ஒப்பந்தக்காரரின் மேலாளர் பிரபாகரன் குறுக்கே வந்தார். "நேத்து சாயந்திரம் நாலு நாப்பதுக்கு ஃபைலைத் திறந்து சேமிச்சது மேடம். இன்னைக்குக் காலைல முளை தப்புங்கறதும் மேடம். பதினோரு மணிக்கு ஆபீஸ்லேருந்து பெரியவர் வராரு. வூட்டுக்குப் போற பஸ்ஸைப் பாத்து வெச்சுக்கச் சொல்லுங்க."

"நான் ஒரு அளவையும் மாத்தல."

"அப்ப எதுக்குத் திறந்தீங்க?"

அன்பரசி தன் கணக்குப் பட்டியலைத் தாஜ் நிஷாவிடம் நீட்டினாள். ஷாநவாஸ் அக்காவின் காதில் கிசுகிசுத்தான்: "பதில் இல்ல பாத்தீங்களா? மாட்டிக்கிச்சு."

"நீ மட்டக்கோலைப் பிடி."

முளை அடித்த கொளஞ்சிநாதன் மேஸ்திரி ஓரமாக நின்றிருந்தார். சாலை வேலைக்கு வருமுன் இருபது வருடம் பீங்கான் சூளைக்குச் சுவர் எழுப்பியவர். "தம்பி, மணி என்னா?" என்றார். ஒன்பதரை என்றான் ஷாநவாஸ். அவர் மணிக்கட்டிலேயே கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

பள்ளத்தில் பத்து மீட்டருக்கு ஒன்றாக ஐந்து முளைகள். தாஜ் நிஷா அன்பரசியின் பட்டியலோடு ஒப்பிட்டாள். இரண்டு ஓர முளைகளும் சரி. இரண்டாவதும் நான்காவதும் ஏழரை சென்டிமீட்டர் தாழ்வு. நடு முளை முப்பது. ஓரங்களிலும் நடுவிலும் மட்டும் பெயின்டில் எண் இருந்தது; மற்ற இரண்டில் வெறும் கோடு. எண் போட்ட மூன்று முளைகளின் ஆணியிலும் வெள்ளை நூல் துணுக்கு.

"மேஸ்திரி, மட்டம் பாத்த தாளைக் குடுங்க."

அவர் தந்த தாளில் மூன்றே வரிகள். ஒவ்வொரு எழுத்தும் பஸ் போர்டு எழுத்து மாதிரி.

"ஜல்லியை மிச்சம் பிடிக்க இந்த மேனேஜர்தான் தாழ்த்தியிருப்பாரு" என்றான் ஷாநவாஸ். பிரபாகரன் முறைத்தார்.

"மிச்சம் பிடிக்கிறவன் எல்லா முளையையும் ஒரே மாதிரி தாழ்த்துவான்" என்றாள் தாஜ் நிஷா. "இது வேற. எறங்குற சரிவு நூத்துக்கு மூணு, ஏறுற சரிவு நூத்துக்கு மூணு. ரெண்டு கோடும் சந்திக்கிற புள்ளியைக் குறிச்சு, வளைவு நீளம் நாப்பது மீட்டர்னு கம்ப்யூட்டர்ல குடுத்திருக்காங்க. அது கூர்முனையைத் தொட்டில் மாதிரி வளைச்சுத் தரும். ரோடு அந்தச் சந்திப்புப் புள்ளியைத் தொடாது. அதுக்கு மேல முப்பது சென்டிமீட்டர் உயரத்துல போகும். பக்கத்து முளையில வித்தியாசம் ஏழரை. நடுவுல நம்ம குறை எவ்வளவு?"

"முப்பது! பக்கத்துல ஏழரை!" ஷாநவாஸ் துள்ளினான்.

"யாரும் ஃபைலை மாத்தல. இந்தத் தாள்ல இருக்கறது வளைவு ஆரம்பிக்கிற இடம், சந்திப்புப் புள்ளி, முடியற இடம். மேஸ்திரி மூணு முளை அடிச்சு, இடையில நேரா நூல் கட்டி மத்த ரெண்டையும் அடிச்சிருக்காரு. சூளைச் சுவருக்கு அது சரி. நூலு வளையாது மேஸ்திரி."

கொளஞ்சிநாதன் தலையிலிருந்த துண்டை எடுத்தார். "நூலு பொய் சொல்லாதுன்னு இருந்துட்டேன்."

பத்தரைக்குள் தாழ்ந்திருந்த மூன்று முளைகளும் உயர்ந்தன. தொட்டில் போன்ற வளைவு வெறும் கண்ணுக்கே தெரிந்தது. டிப்பர் டிரைவர் விசிலடித்தார்.

பிரபாகரன் விடவில்லை. "அதெல்லாம் சரி. அந்த நாலு நாப்பது? பெரியவர் கேப்பாரே!"

தாஜ் நிஷா மேஸ்திரியைப் பார்த்தாள். "கையில வாட்ச் ஓடுது. மணி கேட்டீங்களே, ஏன்?"

அவர் கடிகாரத்தை மறு கையால் மூடிக்கொண்டு சொன்னார்: "ரெண்டு கண்ணுலயும் பொரை விழுந்திருக்குங்க. தெரிஞ்சா வேலைய விட்டு எடுத்துடுவாங்கன்னு..."

பிரபாகரன் தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டினார். "அடப்பாவி மேஸ்திரி! திங்கக்கிழமை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆபரேஷன் முடிஞ்சு வாங்க, வேலை இங்கதான் இருக்கும். ஆனா நாலு நாப்பதுக்கும் கண்ணுக்கும் என்னா சம்பந்தம்?"

கொளஞ்சிநாதன் அந்தத் தாளை நீட்டினார்.

"பொடி எழுத்து தெரியல, பெருசா போட்டுக் குடும்மான்னு கேட்டேன். ஃபைலைத் திறந்து எழுத்தைப் பெருசாக்கிக் குடுத்துச்சு. மீதிப் பக்கம் காலைல தரேன்னுச்சு, நான்தான் காத்திருக்கல. யாருகிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கியிருந்தேன். தன் வேலையே போறதா இருந்தும் அந்தப் பொண்ணு வாயத் திறக்கல."