டச்சப் பண்ணாத படம்

செல்போன் அடித்தது.

எடுக்க வேண்டியவர் தரையில் கிடந்தார்.

படங்களில் சுருக்கம், பரு, தொப்பை எல்லாவற்றையும் அழிப்பது அவர் வேலை. ஸ்டூடியோவில் அவர் பெயரே 'டச்சப்'. கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம்... பக்கத்தில் ஒரு லைட் ஸ்டாண்ட்.

மஃப்டியில் வந்திருந்த இன்ஸ்பெக்டர், ஜன்னலோரம் நின்று குனிந்து பார்த்தார்.

க்ளிக்!

"என்னம்மா பண்றீங்க?"

"போட்டோ எடுக்கிறேன் சார். இப்ப அழுதா கை நடுங்கும். அப்புறமா அழுதுக்கிறேன்."

போட்டோகிராபர் கேமராவை இறக்கினாள். அட்டைப்படம், நகைக்கடை விளம்பரம், சினிமா போஸ்டர் என்று அடுத்தவர் முகத்தை அழகாக்கியே காலம் தள்ளியவள். நாளை அவளுடைய முதல் கண்காட்சி. அதில் ஒரு படத்தில்கூட டச்சப் கிடையாது.

"ஸ்டாண்ட் உங்களோடது. சாவி உங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும். காலையில எங்க இருந்தீங்கன்னு சொல்ல ஆளில்ல. நான் வேற யாரைப் பிடிக்க?"

"ஒரிஜினல் படங்க இருந்த ஹார்ட் டிஸ்கைக் காணோம் சார்."

"நீங்களே ஒளிச்சு வெச்சிருக்கலாமே."

அவள் போன் அதிர்ந்தது.

அவள் போஸ்டர் எடுத்துக் கொடுத்த சினிமா ஹீரோ!

ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கச்சி, கேள்விப்பட்டேன். போலீஸ் உன்னைத்தான் பிடிக்கப்போகுதாமே? கவலைப்படாதே. காலையில முழுக்க நீ என் வீட்ல இருந்தேன்னு சொல்லிடறேன்."

"நான் வரலியேண்ணே."

"வந்தேன்னு வெச்சுக்கோ. பதிலுக்கு கண்காட்சியில அந்த ஒரு படத்தை மட்டும் கழட்டிடு."

அந்த ஒரு படம்... விக்கை மடியில் வைத்துக்கொண்டு, களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஹீரோ.

"எடுத்தப்போ 'இதுதான் கலை'ன்னீங்க?"

"அப்ப என் படமெல்லாம் ஓடிட்டிருந்துச்சு."

"நேர்ல வாங்கண்ணே, பேசிக்கலாம்."

போனை வைத்தாள்.

"பொய் சாட்சி சொல்ற அளவுக்கு உங்க மேல பாசமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் மேல இல்ல சார். நான் அவர் வீட்ல இருந்தேன்னா, அவரும் அங்கதான் இருந்தாருன்னு ஆயிடுதே!"

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது.

"இதை வெச்சு அவரைத் தொட முடியாதும்மா. ரசிகர்கள் ஸ்டேஷன் வாசல்ல படுத்துருவாங்க."

"இந்தத் திரைக்குப் பின்னாடி நில்லுங்க. அவரையே சொல்ல வைக்கிறேன்."

"சொல்லலைன்னா?"

"என்னைக் கூட்டிட்டுப் போங்க. ஆனா படம் இறங்காது."

உடலை எடுத்துக்கொண்டு போன பிறகு ஹீரோ வந்தார். கறுப்புக் கண்ணாடி. ரூம் முழுக்க சென்ட் வாசனை.

"பாவம், நல்ல மனுஷன். நான் இந்தப் பக்கம் வந்தே பல மாசமாச்சு... படத்தைக் கழட்டிட்டியா?"

"இல்லண்ணே. இன்னொண்ணும் மாட்டலாம்னு இருக்கேன். இன்னிக்கு இதே ரூம்ல எடுத்தது."

நீட்டினாள்.

ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே எடுத்த படம். குனிந்து நிற்கும் ஒரு ஆள். முகம் ஒரே இருட்டு. தாடை மட்டும் தெளிவு. அதற்குக் கீழே இன்னொரு தாடை!

ஹீரோ கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரு இது?"

"உங்களை உங்களுக்கே தெரியலியா? டச்சப் பண்ணலைல்ல, அதான். ரெட்டைத் தாடை... கீழே தொப்பை வேற."

"எனக்கா? எனக்கா ரெட்டைத் தாடை?"

"பத்திரிகைக்காரங்க எண்ணிப் பார்த்துக்கட்டும்."

"இது நானில்ல! நான் ஜன்னல் பக்கமே போகல. கதவுகிட்ட, அவன் முதுகுக்குப் பின்னாடிதான் நின்னு..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

திரை விலகியது.

"கதவுகிட்ட நின்னு?" என்றார் இன்ஸ்பெக்டர். "மேல சொல்லுங்க சார், நானும் உங்க ரசிகன்தான்."

கார் சீட்டுக்கு அடியில் ஹார்ட் டிஸ்க் அகப்பட்டது. டச்சப் கதவைத் திறந்துவிட்டதும் ஒரிஜினலைக் கேட்டாராம். டச்சப் தரமாட்டேன் என்றாராம். அவ்வளவுதான்.

ஹீரோ ஜீப்பில் ஏறியதும் இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார்.

"காட்டுங்க, அவரை அப்படி உளற வெச்ச படத்தை."

வாங்கிப் பார்த்தார். சிரித்தார். இன்னும் கொஞ்சம் கிட்டே பிடித்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

கை மெல்ல அவருடைய தாடைக்கே போனது.

"ஏம்மா... இது நான்தானே?"

"ஆமா சார்."

"கேஸ்ல இது கோர்ட்டுக்குப் போகணுமே. எல்லாரும் பார்ப்பாங்களே. அந்த ரெண்டாவது தாடையை மட்டும் கொஞ்சம்..."

"முடியாது சார்," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதை எடுக்கத் தெரிஞ்ச ஒரே ஆளைத்தான் அவர் கொன்னுட்டாரே."