தொண்ணூற்றெட்டு டிகிரி துக்கம்

டெலிபோன் அலறியது.

தைபே கம்ப்யூட்டர் மார்க்கெட்டின் இரண்டாவது மாடியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தே-மிங், ரிசீவரை எடுத்தார்.

"மாஸ்டர்... என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் சூடாகிச் சூடாகி நின்னு போகுது."

"அவரையே பேசச் சொல்லும்மா."

"அவர் செத்துப் போயிட்டார்."

தே-மிங் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நாளைக்கு அடக்கம். பெட்டிக்கு முன்னால வைக்க ஒரு போட்டோ இல்ல. எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு..."

ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனார். கதவைத் திறந்த யூ-ஹானுக்கு முப்பது வயது இருக்கலாம். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்தது போதாதென்று, அவனுடைய கம்ப்யூட்டரும் அவளைப் படுத்தியது.

மெஷின் அடம்பிடிக்காமலிருக்க தைவானில் எல்லோரும் ராசிக்காக வைக்கும் பச்சை நொறுக்குத்தீனி பாக்கெட், அதன் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

"தேதி பார்த்துட்டேன் மாஸ்டர். பாக்கெட் காலாவதி ஆகல, ராசி கெட்டிருக்காது."

"அப்ப தப்பு மெஷின் மேலதான்."

ஸ்விட்சைப் போட்டார். திரையில் சூட்டைக் காட்டும் எண் ஏறியது. அறுபது டிகிரி... எண்பது... தொண்ணூற்றெட்டு!

பட்டென்று அணைந்தது.

தே-மிங் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு குழாய்களையும் தொட்டார். ஒன்று கொதித்தது. மற்றது ஜில்லென்று இருந்தது.

"சூட்டைத் தணிக்கிற கூலன்ட் திரவம் ஓடல. தொட்டி பாதி காலி. பம்பு வெறும் காத்தைக் குடிக்குது."

"ஒழுகியிருக்குமோ?"

டார்ச் அடித்துத் தேடினார். ஈரமில்லை. கறையில்லை. தொட்டி மூடியில் மட்டும் புதுக் கீறல்.

"ஒழுகல. யாரோ திறந்து எடுத்திருக்காங்க. இதை யாரெல்லாம் தொடுவாங்க?"

"அவர் மட்டும்தான். நான் தூசி தட்டினாக்கூடக் கத்துவார். ரூம் சாவி அவர் கழுத்துலயே தொங்கும்."

"அவருக்கு என்ன உடம்புக்கு?"

"திடீர்னு வாந்தி. ரெண்டு கிட்னியும் போச்சுன்னாங்க."

தே-மிங்கின் கை அப்படியே நின்றது.

"இந்தக் கூலன்ட் விஷம்மா. கிட்னியைத் தின்னுடும். ஆனா இனிக்கும். பூனை நக்கினாக்கூடப் பிழைக்காது."

"இனிக்குமா?"

யூ-ஹான் சுவரில் சாய்ந்தாள்.

"அன்னைக்கு அவரே பால் டீ வாங்கிட்டு வந்தார். கல்யாணமாகி முதல் தடவை. எனக்கு ஸ்ட்ராகூடக் குத்திக் கொடுத்தார்..."

"அப்புறம்?"

"எனக்கு எப்பவும் சர்க்கரை இல்லாம. அவருக்கு முழுச் சர்க்கரை. ஒரு வாய் உறிஞ்சினேன், இனிச்சுது. கடைக்காரப் பொண்ணு கப்புல ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிட்டான்னு நெனைச்சேன்."

"அவர் எங்க இருந்தார்?"

"மேஜைக்கு அடியில. மெஷின் சூடாகுதுன்னு திட்டிக்கிட்டு இருந்தார். நான் கப்பை மாத்தி வச்சேன். அவரோடதும் இனிச்சுது, அதைக் கீழ ஊத்திட்டேன். அவர் குனிஞ்சபடியே என் டீயைக் குடிச்சு முடிச்சார்."

அவள் சேலையில்லாத தேசத்துக்காரி. சட்டை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தே-மிங் வந்த வேலையைச் செய்தார்.

புதுக் கூலன்ட் ஊற்றினார். மெஷினைச் சாய்த்துச் சாய்த்துக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார். சூடு நாற்பதுக்கு இறங்கி நின்றது.

போட்டோக்கள் திறந்தன.

கடற்கரை... வெந்நீர் ஊற்று... எல்லாவற்றிலும் அவள் புருஷன் சிரித்தான். பக்கத்தில் வேறொரு பெண்!

"எங்க கல்யாணப் போட்டோலகூட இவர் இப்படிச் சிரிக்கல மாஸ்டர்."

"போலீஸுக்குச் சொல்லணும்மா."

"என்னன்னு சொல்ல? கொல்லப் பார்த்தது அவர். கொன்னது நான். இனிப்பு பிடிக்குமேன்னு ஆசையாக் கொடுத்தேன்."

அவளே திரையில் ஒரு போட்டோவைத் தொட்டுக் காட்டினாள்.

"அந்தப் பொண்ணை வெட்டிட்டு, அவரை மட்டும் எடுக்கட்டுமா?" என்று கேட்டார் தே-மிங்.

"வேண்டாம் மாஸ்டர். அப்படியே பெரிசு பண்ணுங்க. நாளைக்கு அழுறதுல பாதியை அவளும் பார்த்துக்கட்டும்."