சாம்பல் கிளிக்கு ஒரு வீடு

வெளியே விடாத மழை... லிஃப்டும் ஓடவில்லை. காலையிலிருந்து பன்னிரண்டு பேரின் முழங்கால்களை மடக்கி நீட்டிவிட்டு வந்த பிசியோதெரபிஸ்ட், நான்கு மாடி ஏறி முடிப்பதற்குள் தன் முழங்காலையே சபித்துவிட்டாள். அவள் வீட்டுக்கு எதிரே லிஃப்ட் கதவைத் திறந்துபோட்டு மெக்கானிக் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

“காலையிலேயே வரேன்னு சொன்னீங்களாமே?”

“மழையில வண்டி நின்னுடுச்சுங்க.”

“உங்க வண்டி நின்னதுக்கு என் கால் வலிக்கணுமா?”

நிமிர்ந்து பார்த்தான். கிரீஸ் படிந்த முகத்தில் தூக்கம் கெட்ட கண்கள்... ஆனாலும் சிரிக்கிற கண்கள். அவள் சட்டென்று திரும்பிச் சாவியைத் தேடினாள்.

வேலைக்கு நடுவே அவன் விசிலடித்தான். வீட்டுக்குள்ளிருந்து பதில் விசில் வந்தது. அவள் கை அப்படியே நின்றது.

யாரோ பூட்டிய வீட்டில் விட்டுப்போன சாம்பல் கிளி அது. பறவைக் காப்பகத்தார் மீட்டு, நல்ல வீடு அமையும்வரை அவளிடம் கொடுத்திருந்தார்கள். நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொண்டு, இரண்டு மாதமாக வாயே திறக்காத கிளி.

உள்ளே வந்து பார்த்தவன் கேட்டேவிட்டான். “இதை நான் வளர்க்கட்டுமா?”

“வீட்ல யார் யார் இருக்கீங்க?”

“நான் மட்டுந்தான்.”

“எத்தனை மணி நேரம் இருப்பீங்க?”

“தூங்குற நேரம்...”

“மறுபடியும் பூட்டின வீடா? வேண்டாங்க.”

அவன் முகம் சுருங்கியது. “நியாயந்தான்,” என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றான். “வளர்க்கக் கேக்கல. சும்மா பாத்துட்டுப் போறேன்.”

அப்படியே ஆறு ஞாயிறு ஓடியது. கிளியின் நெஞ்சில் புது இறகு அரும்பியது. சில நாள் அவன் சுவரில் சாய்ந்தே தூங்கிப்போவான். அவளும் எதிரே காலை நீட்டிக் கண்ணை மூடுவாள். வாரம் முழுக்க அடுத்தவர் வலியைக் கேட்டுக் களைத்த காதுக்கு, எதுவும் கேட்காத அந்த ஒருவன்...

“கிளியைப் பாக்க வர்றவனுக்கு நீ எதுக்குடி ரெண்டு தடவை தலை வாருற?” என்றாள், பகலெல்லாம் வீட்டில் கிளிக்குத் துணையிருக்கும் அம்மா.

ஆறாவது ஞாயிறு அவன் இருக்கும்போதே காப்பகத்திலிருந்து போன் வந்தது. பேசி வைத்தவளின் முகம் வெளிறியிருந்தது.

“என்னாச்சுங்க?”

“போன வாரம் ஒரு வயசான தம்பதி வந்தாங்க. நாள் முழுக்க வீட்ல இருக்கறவங்க. முன்னாடியே கிளி வளர்த்தவங்க. நான் வேண்டாம்னு காப்பகத்துக்கு எழுதி அனுப்பிட்டேன். ஏன்னு கேக்கறாங்க.”

“ஏன்?”

பொய் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

“அவங்ககிட்ட ஒரு குறையும் இல்ல... கிளி போயிட்டா நீங்க வரமாட்டீங்கன்னு தோணிச்சு. உங்ககிட்ட அவ்வளவு நியாயம் பேசினேன். இப்ப இந்த வாயில்லா ஜீவனுக்கு நானே துரோகம் பண்ணிட்டேன்.”

அவன் ஒரு விரலால் கிளியின் தலையை வருடினான்.

“அவங்களை வரச் சொல்லுங்க. இது நல்ல இடத்துக்குப் போகட்டும்.”

அவள் தலை குனிந்தாள்.

“மூணாவது ஞாயித்துக்கிழமையிலேர்ந்தே நான் இதுக்காக வரலைங்க,” என்றான். “சொன்னா அதுக்கும் வேண்டாம்னுடுவீங்களோன்னு பயம்...”

அவள் காப்பகத்துக்குப் போன் போட்டாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய இன்னொரு கையை அவன் பற்றிக்கொண்டான். அவள் விலக்கவில்லை.