ஞானதிரவியத்தின் நல்லடக்கம்

நேசபுரத்தில் இப்போதெல்லாம் எந்தச் சண்டையையும் தூங்கித்தான் தீர்க்கிறார்கள். வேலித் தகராறோ பாகப்பிரிவினையோ, இரு தரப்பும் நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்துவிட வேண்டியது. பட்டையோடு இணைந்த கூட்டுக்கனவி என்கிற பொறி எல்லோரையும் ஒரே கனவுக்குள் இறக்கிவிடும். அதற்குள் கோபம் வராது. எழுந்திருக்கும்போது பாதிச் சண்டை கரைந்திருக்கும்.

கரையாமல் கிடந்தது சபைச் சண்டை மட்டும்தான். சபையை ஆள்வது பேராயரா, மூப்பர் குழுவா என்று கேட்டு, இருந்த ஒரே கோயிலையும் இரண்டாகக் கிழித்துவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் ஆளுக்கொரு பூட்டு. எந்தத் தரப்பிலும் சேராமல் செத்துப்போன குற்றத்துக்காக ஞானதிரவியம் கோயில் முகப்பில், ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். பாவம், உயிரோடிருந்தபோது மனிதர் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கமாட்டார்.

"அவுகளை மண்ணுல வச்சாப் போதும். யாரு ஜெபிச்சாலும் ஆண்டவருக்குக் கேக்கும்லா?" என்று அழுதாள் அவர் மனைவி சாராள்.

"அதெப்படிம்மா? அதிகாரம் உள்ளவுகதான ஜெபிக்கணும்?" என்றார் மூப்பர் யோவேல். பேராயர் பாக்கியநாதனும் அதையேதான் சொன்னார். இதில் மட்டும் என்ன ஒற்றுமை!

கடைசியில் கூட்டுக்கனவிக்கு இருவரும் சம்மதித்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, கோயில் தரையில் பாய் விரித்து ஊரே படுத்தது.

கனவில் பூட்டும் இல்லை, வாசலும் இல்லை. வெயில் பால்போல் மங்கிக் கிடந்தது. கடல் சத்தமில்லாமல் வந்து கல்லறைகளுக்கு நடுவே முழங்கால் அளவுக்கு நின்றது. யார் துணியும் நனையவில்லை. இரு தரப்பும் சேர்ந்து தோள்கொடுக்க, பெட்டி கனமே இல்லாமல் மிதந்து போனது. என்றோ இறந்தவர்களும் எழுந்து வந்து பாட்டில் சேர்ந்துகொண்டார்கள். அங்கி அணிந்த ஒருவர் ஜெபித்தார். மண் மெல்ல விழுந்தது. அடடா, அப்படி ஒரு அடக்கத்தை அந்த ஊர் கண்டதே இல்லை.

எழுந்தபோது எல்லார் கண்ணிலும் நீர். யோவேலும் பாக்கியநாதனும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"நம்ம மூப்பர் எவ்வளவு உருக்கமா ஜெபிச்சாக!" என்றாள் ஒருத்தி.

"மூப்பரா? ஜெபிச்சது பேராயருல்லா!" என்றாள் பக்கத்துப் பாய்க்காரி.

பொறியை இயக்கும் பெனினாள் சிரித்தாள். "அங்கிக்கு நான் முகமே வைக்கலை. அவங்கவங்க மனசு யாரை ஏத்துக்கிடுதோ, அவுகதான் தெரிவாக."

அப்பாடா என்றிருந்தது எல்லோருக்கும். தங்கள் ஆளே முறைப்படி நடத்திவிட்டார், யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நிம்மதியாகப் பாயைச் சுருட்டினார்கள்.

சாராள் முகப்புக்கு ஓடினாள். "வாங்கய்யா, பூட்டைத் திறங்க. தூக்கிட்டுப் போயிருவோம்."

யோவேல் கனிவோடு அவளைப் பார்த்தார். "எதுக்கும்மா? அடக்கந்தான் நல்லபடியா முடிஞ்சிட்டுல்லா. ஒரே ஆளை ரெண்டு தடவை அடக்கம் பண்ண சபையில முறையில்லையே."

ஆமாம் என்று பேராயர் தலையாட்டினார்.

சாராள் ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்தாள். "அப்போ இது யாரு, ஐயா?"

அதற்குள் வெளியே பாட்டு தொடங்கியிருந்தது. பல வருஷத்துக்குப் பிறகு இரு தரப்பும் ஒரே குரலில் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.