நாற்பது கேள்விகளில் தேறிய தரகர்

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பன்னிரண்டு வீட்டுத் தரகர்களை வரவழைத்து, ஆளுக்கு நாற்பது கேள்வி கேட்டு, பதினொரு பேரைக் கழித்துக்கட்டி, மனித குல வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு தரகர் விஞ்ஞான முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார். தேர்ந்தெடுத்தவர் ஒரு தணிக்கை அதிகாரி. அடுத்தவர் கோப்பில் பிழை கண்டுபிடித்தே தலை நரைத்தவர்.

"தரகருக்கு நாப்பது கேள்வியா? என்னை உங்களுக்குக் கட்டிக் குடுக்கறப்ப எங்கப்பா நாலே கேள்விதான் கேட்டார்," என்றாள் மனைவி. "அந்தப் பலனைத்தான் அனுபவிச்சிட்டிருக்கேன்."

வாய்தான் அப்படி. வீட்டு விஷயத்தில் அவர் சொல்வதுதான் அவளுக்கு முடிவு. இருக்கிற வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். "நீங்க முன்னாடி போய்ப் பாருங்க. நானும் பாப்பாவும் அஞ்சு மணிக்கு வந்துடறோம். நீங்க சரின்னா எனக்கும் சரி."

தேறிய தரகர் ஒல்லியான, அவசரமில்லாத மனிதர். "நீங்க யார் பக்கம்? விக்கிறவர் பக்கமா, வாங்கறவர் பக்கமா?" என்ற பதினேழாவது கேள்விக்கு, "ரெண்டும் இல்ல சார். நான் வீட்டுப் பக்கம்," என்றார். நல்ல நகைச்சுவை என்று அதிகாரி முழு மதிப்பெண் போட்டார். அவர் மூலம் வீடு வாங்கிய மூன்று பேரிடம் போனிலும் விசாரித்தார். மூவரும் முதல் மணியிலேயே எடுத்தார்கள். மூவரும் புகழ்ந்தார்கள். மூவரின் குரலுக்குப் பின்னாலும் ஏதோ ஒன்று ஒரே தாளத்தில் கிறீச்சிட்டது. மின்விசிறிக்கு எண்ணெய் விடாத சோம்பேறிகள் என்று குறித்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனபோது மணி நாலரை. தரகர் வாசலோடு நின்றுவிட்டார். "நான் உள்ள வரதில்ல சார். நீங்க நிதானமா பாருங்க."

ஈரச் சுண்ணாம்பும், வெகுகாலம் திறக்காத துணி அலமாரியும், அதற்கடியில் பல பேர் தூங்கி எழுந்த அறையின் வெதுவெதுப்பும் கலந்த ஒரு வாசனை கூடத்தைத் தாண்டி, வெறும் சமையலறையைத் தாண்டி, ஜன்னல் இருந்தும் வெளிச்சம் தரையைத் தொடத் தயங்கிய கடைசி அறை வரை அவர் கூடவே வந்தது. அளவு நாடாவை விரித்தார். பத்தடி இரண்டங்குலம். மறுபடி அளந்தார். பத்தடி. அளவு நாடாவைச் சந்தேகித்தார். தன்னைச் சந்தேகிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

அப்போது கேட்டது.

கிறீச். கிறீச்.

அண்ணாந்து பார்த்தார். விசிறி இல்லை. கொக்கிகூட இல்லை. சத்தம் சுவரிலிருந்து வந்தது, போனில் கேட்ட அதே தாளத்தில்.

நாற்பது கேள்வி கேட்ட மனிதர், அந்த மூவரிடமும் வாங்கியது எந்த வீடு என்று கேட்கவே இல்லை.

முதல் எண்ணை அழைத்தார். கூடத்துச் சுவருக்குள் மணி அடித்தது. பூச்சுக்குப் பின்னால், அமுங்கி. இரண்டாவது எண். காலடியில், தரைக்குக் கீழே. காலை இழுத்துக்கொண்டு, பின்னால் சுவரில் சாய்ந்தார். மூன்றாவது எண்ணை விரல் தானாக அழுத்தியது.

அவர் முதுகெலும்புக்கு நேர் பின்னால் மணி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"வந்துட்டீங்களா சார்?" பழகிய குரல், அன்பாக. "ஒரு நிமிஷம் இருங்க. கொஞ்சம் தள்ளிக்கறோம்."

சுவர் தள்ளிக்கொடுத்தது.

முன்னால் சாய்ந்தார். சட்டை வரவில்லை. தோள் வரவில்லை. ஈரம். வெதுவெதுப்பு. முழங்கை போய்விட்டது. யாருடைய விரல்களோ அவர் விரல்களுக்கு இடம் கொடுத்தன.

வாசலில் ஆட்டோ நின்றது.

"என் வீட்டுக்காரர் எங்கங்க?"

"உள்ளதான் இருக்கார்மா," என்றார் தரகர்.

ஓடு. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடு. கத்தினார். வாய் நிறையச் சுண்ணாம்பு.

"என்னங்க? வீடு எப்படி இருக்கு?"

கூடத்துச் சுவர் பதில் சொன்னது. அவர் குரல்தான். அறிக்கையில் கையெழுத்துப் போடும் நேரத்து நிதானக் குரல். "எல்லாம் பாத்துட்டேன். குறையே இல்ல. ரெண்டு பேரும் உள்ள வாங்க."

"அம்மா, அப்பா ஏன் சுவத்துலேர்ந்து பேசறார்?"

"வெறும் வீடு இல்லையா, அப்படித்தான் எதிரொலிக்கும்," என்று சொல்லி, அவள் செருப்பைக் கழற்றினாள்.