ரெண்டு கட்டை வாத்தியார்

"தம்பூராவத் தொடாதம்மா. உன்ற கை பட்டது போதும்."

காலையில் காபி கொண்டுவந்த ரங்கம்மாளுக்கு மகன் ரித்விக்கிடமிருந்து கிடைத்தது இதுதான். தூசி துடைக்க நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள். கணவர் கோவிந்தராஜுலு காலமாகி அன்றோடு ஒரு வருடம். சாயங்காலம் ஆர்.எஸ்.புரம் வீட்டுக் கூடத்தில் சீடர்கள் கூடி அவர் நினைவாகப் பாடப்போகிறார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தம்பூரா மீட்டியவள், இன்றைக்கும் அந்த இடத்தில் உட்கார ஆசைப்பட்டாள். வேறென்ன கேட்டாள், பாவம்.

"இன்னைக்கு ஒருநாள் மட்டும் நான் மீட்டறனே கண்ணு... அப்பாவுக்காக."

"அப்பாவுக்காகவா? கடைசிக் கச்சேரியில அத்தனை பேரு முன்னால அவர அவமானப்படுத்துனது பத்தாதா? அதுக்கப்பறம் சாகறவரைக்கும் உன்கூட ஒரு வார்த்தை பேசுனாராம்மா?"

பேசவில்லைதான். அதைச் சொல்லித்தானா காட்ட வேண்டும்!

கோவிந்தராஜுலுவுக்கு ஊரில் 'ரெண்டு கட்டை வாத்தியார்' என்றுதான் பெயர். ஆண்குரலுக்கு அது உயரமான சுருதி. அதில் அலுங்காமல் பாடுவார். பொள்ளாச்சியிலிருந்தும் கருமத்தம்பட்டியிலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்களுக்குச் சாப்பாடும் போட்டுப் பாட்டும் சொல்லிக்கொடுத்தார். சமைத்தது யார் என்று யாரும் கேட்டதில்லை. அவர்மேல் இருந்த பக்தியில் சீடர்கள் அத்தனை பேரும், குரல் எட்டினாலும் எட்டாவிட்டாலும், இரண்டு கட்டையில்தான் பாடுவார்கள். ரித்விக்கும் அப்படித்தான்.

அந்தக் கடைசிக் கச்சேரியில் மிருதங்கம் இரண்டு கட்டையில் நின்றது, ரங்கம்மாளின் தம்பூரா அதற்குக் கீழே ஒரு கட்டையில். "இத்தனை வருசம் கழிச்சும் சுருதி சேர்க்கத் தெரியலையா உனக்கு?" என்று மைக்கிலேயே கேட்டார் மனுஷன். அவள் அங்கேயே தந்திகளை இரண்டு கட்டைக்கு ஏற்றினாள். மேலே போனதும் அவர் குரல் உடைந்தது. பாதியில் இறங்கியவர் பிறகு மேடையேறவே இல்லை. இவள் செய்த குளறுபடியில் மனசு விட்டுத்தான் போய்ச் சேர்ந்தார் என்று மகனும் சீடர்களும் முடிவு கட்டிவிட்டார்கள்.

ரித்விக் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு பாடிப் பார்த்தான். இரண்டு நாளாகச் சளி. மேலே எட்டும்போதெல்லாம் குரல் கிழிந்தது. சலித்துப்போய்ப் பெட்டியை அணைத்துவிட்டு, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கப் போனான். வாசற்படியில் நின்ற ரங்கம்மாளுக்குப் பெற்ற மனசு கேட்கவில்லை. உள்ளே போய்ப் பெட்டியின் திருகை இறக்கிவிட்டு வந்தாள்.

திரும்பி வந்தவன் சிரமமில்லாமல் பாடினான். "அப்பாடா... இன்னைக்குத் தொண்டை நல்லா உக்காந்திருச்சு" என்றான், தனக்குள்ளேயே.

அடுப்படியில் ரங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடையேறிய கடைசிக் காலத்தில் அவர் தினமும் சொன்னதும் இதையேதான்.

கொஞ்ச நேரத்தில் ரித்விக் பெட்டியோடு வந்து நின்றான்.

"ஒரு கட்டையில நிக்குது. நீ எறக்குனயா?"

"மேல போறப்ப உனக்கு வலிக்குது கண்ணு. கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியல."

அவன் பெட்டியைப் பார்த்தான். அன்றைக்குத் தம்பூராவும் ஒரு கட்டையில்தான் நின்றது. "அப்பாவுக்கும்... இப்படித்தானா?"

ரங்கம்மாள் அடுப்பை அணைத்தாள்.

"இனிமேல் பழைய குரல் ஏறாதுன்னு டாக்டரு எங்கிட்டத்தான் சொன்னாரு. ரெண்டு கட்டை போச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுசன் அன்னைக்கே உசுர உட்டிருப்பாரு. அதனால அவருக்குத் தெரியாம, கொஞ்சங்கொஞ்சமா தந்திய எறக்கிக்கிட்டே வந்தேன். மிருதங்கக்காரருக்கு முன்னாலயே போன் பண்ணிச் சொல்லிப்போடுவேன். அன்னைக்கு அந்த மிருதங்கக்காரரு காய்ச்சல்ல படுத்துட்டாரு, வேற ஆளு வந்துட்டாரு... எனக்கு மேடையிலதான் தெரியும்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமல்லம்மா?"

"சொன்னா என்ற பேரு நிக்கும். அவரு பேரு?"

ரித்விக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "கடைசி நாள்ல உன்னப் பாத்தா அவருக்கு ஆத்திரம் வரும்னு ஆஸ்பத்திரியில உள்ளயே உடலையேம்மா... வெளிய பெஞ்சுல உக்கார வெச்சனே..."

அவள் மகன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். அழுதால் அந்த நாள் திரும்பி வருமா? பரவாயில்லை, மறந்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "யாருகிட்டயும் சொல்லிப்போடாத சாமி. அவரு ரெண்டு கட்டையிலயே இருக்கட்டும்" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் கூடம் நிறைந்திருந்தது. ரித்விக் அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அவள் மடியில் தம்பூராவை வைத்தான். மூத்த சீடர் மாசாணம் எழுந்துவிட்டார்.

"தம்பி, இவங்களா? மறுக்காவும் வேண்டாமுங்க..."

"என்ற அம்மாதானுங்க மீட்டுவாங்க. உக்காருங்கண்ணா."

ரங்கம்மாள் இரண்டு கட்டையில் பிசகில்லாமல் சுருதி சேர்த்தாள். குற்றம் சொல்ல ஆளில்லை. ரித்விக் அப்பாவின் படத்தைக் கும்பிட்டுவிட்டு மைக்கைப் பக்கத்தில் இழுத்தான்.

"அம்மா... எனக்கு ரெண்டு கட்டை ஏறலைம்மா. கொஞ்சம் எறக்கி வெச்சுக் குடு."

அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் சொல்லத் துணியாத வார்த்தை அது. மாசாணம் ரங்கம்மாளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடைசிக் கச்சேரியில் முன்வரிசையில் இருந்தவர் அவர். அன்றைக்கு அந்தக் கை யாருக்காகத் தந்தியை இறக்கி வைத்திருந்தது என்று இப்போதுதான் அவருக்கு விளங்கியது; கண் கலங்கியது.

"எனக்கும் ஏறி ரொம்ப நாளாச்சுங்கம்மா," என்றார். "எங்கள மன்னிச்சுப்போடுங்க."

ரங்கம்மாள் படத்தைப் பார்த்தாள். 'ஏறலை, எறக்கி வெச்சுக் குடு' என்ற இந்த ஒரு வார்த்தையை அந்த மனுஷன் வாயால் கேட்கத்தானே கடைசிவரை அவர் முதுகுக்குப் பின்னால் காத்திருந்தாள். கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. ஒவ்வொரு தந்தியாகத் தளர்த்தி, எல்லாரும் பார்க்கவே இறக்கினாள்.