வளைந்த கீறல்

கீறல் வளைந்திருந்தது.

அப்படி வளையக் கூடாது. உலோகப் பல் கட்டியவர்களை சி.டி. ஸ்கேன் எடுத்தால், அந்தப் பல்லிலிருந்து படம் முழுக்க வெள்ளைக் கீறல்கள் தெறிக்கும். ஸ்கேன் படங்களோடே வேலை செய்யும் அவளுக்கு அது பழகிப்போன தொல்லை. ஆனால் கதிர் நேராகப் போவது என்பதால் கீறலும் நூல் பிடித்தாற்போல நேராகத்தான் விழும். இந்தப் பெரியவரின் படத்தில் மட்டும் ஒன்று தாடையில் கிளம்பி, கழுத்தருகே வந்ததும் மெல்லத் திரும்பி, கழுத்தைச் சுற்றி நின்றது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். வளைவு அப்படியே இருந்தது. திருத்தும் பொத்தானை அழுத்தினாள். திரையின் அடியில் ஒரு நீலப் பட்டை ஊர்ந்து நிறைந்தது. கீறல்கள் எல்லாம் கரைந்தன, வளைந்ததும் போயிற்று.

படத்தில் விழும் அழுக்கை இப்படி நீக்கி டாக்டருக்கு அனுப்புவது அவள் வேலை. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பெரிய டாக்டர் அவளைத் "துடைப்பம்" என்றுதான் கூப்பிடுவார். "என்ன துடைப்பம், இன்னைக்கு எத்தனை வீடு பெருக்கின?" என்பார். அவளும் சிரித்துக்கொள்வாள். ஸ்கேன் அறை தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாமல், எப்போதும் குளிராக, மருந்துநீர் வாடையோடு இருக்கும். அங்கே வந்து படுப்பவர்கள் பாதி உயிரைப் பயத்திலேயே விட்டிருப்பார்கள். அவள் தன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்ட பிறகே அவர்களைத் தொடுவாள். போர்வையைக் கால்வரை இழுத்துவிடுவாள். கடவுள் பெரிய காரியம் எதையும் தன்னிடம் கேட்கவில்லை, இதைத்தான் கேட்கிறார் என்பது அவள் நம்பிக்கை.

அடுத்து வந்த பெண் உடம்பில் குண்டூசி அளவு உலோகம்கூடக் கிடையாது. ஆனாலும் அவள் வயிற்றுப் படத்தில் வளைந்த கீறல்கள் இருந்தன. இந்தத் தடவை ஒன்றல்ல, நான்கு. பக்கத்தில் பக்கத்தில், விரல்களைப் போல. அவற்றையும் துடைத்து அனுப்பினாள்.

அவள் மென்பொருளைச் சந்தேகித்தாள். பிறகு இயந்திரத்தை. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருளையை மேசையில் வைத்துப் படம் எடுத்துப் பார்த்தாள், பளிங்குபோல வந்தது. மனிதர் படுத்தால் மட்டுமே கீறல் விழுந்தது. இரைந்துகொண்டே இருக்கும் இயந்திரத்தின் வட்ட வாயைக் கண்ணாடித் தடுப்புக்கு இப்பாலிருந்து பார்த்தபோது, அதுவும் தன்னைப் பார்க்கிறது என்று தோன்றியது. "புத்தி கெட்டுப்போச்சு எனக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள்.

ஒரு நாள் வார்டு நர்ஸ் அவசரப்படுத்தியதில், வேறொரு பெண்ணின் படத்தைத் துடைக்காமலே அனுப்பிவிட்டாள். போர்வைக்கு நன்றி சொல்லி, அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போன பெண். லிஃப்டில் ஏறும்போது மூச்சு நின்றுவிட்டது.

"படத்துல ஒண்ணுமே இல்லியேம்மா. கொஞ்சம் கீறல், அவ்வளவுதான்" என்றார் பெரிய டாக்டர்.

"அந்தக் கீறல் வளைஞ்சிருந்துதா டாக்டர்?"

"கீறல் எங்கயாவது வளையுமா?" பதில் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்தது. அன்று அவர் அவள் முகத்தைப் பார்க்கவுமில்லை, துடைப்பம் என்று கூப்பிடவுமில்லை.

அதன் பிறகு அவள் விடுப்பு எடுப்பதை நிறுத்தினாள். ஒவ்வொரு படத்தையும் துடைத்தாள். பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ஒரு வரிப் பிரார்த்தனை சொன்னாள். துடைக்கப்பட்ட எல்லோரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். இதற்காகத்தான் கடவுள் தன்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். ஆனாலும் ஒரு கேள்வி, பல்லிடுக்கில் சிக்கிய நார்போல உறுத்திக்கொண்டே இருந்தது. இயந்திரத்தைப் பார்க்க வந்த சர்வீஸ்காரரிடம் கேட்டே விட்டாள்.

"திருத்தினா அந்த அழுக்கு எங்கங்க போகுது?"

"எங்கயும் போகாதும்மா." அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார். "மெஷின் எடுத்ததெல்லாம் உள்ளயேதான் இருக்கும். கெட்ட இடத்தை மூடிட்டு, பக்கத்துல நல்லா இருக்கிறதை இழுத்து ஒட்டும். பாயைத் தூக்கி அடியில குப்பையைத் தள்ற மாதிரின்னு வச்சுக்கோங்களேன்."

சிரித்தார். சிரித்தபடியே வட்ட வாயின் பக்கம் திரும்பினார். சிரிப்பு நின்றது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் போன வழியிலேயே அவள் தம்பி உள்ளே வந்தான். பேக்கரியில் அடுப்படி வேலை, சட்டையெல்லாம் மாவு. ஒரு மாதமாக இருமல்.

"டேய், இங்க வேணாம். வேற எடத்துல எடுத்துக்கலாம்."

"நல்லா இருக்கே! எடு எடுன்னு உயிரை வாங்கினது யாரு? பெரிய டாக்டர் சீட்டே எழுதிட்டாரு. எடு அக்கா, உள்ள ரொட்டி வெந்திருக்கான்னு பாரு."

அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். அந்த இருமலுக்குப் படம் எடுப்பதை இனியும் தள்ளிப்போட முடியாது. நான் இருக்கிறேன், நான் துடைப்பேன் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டாள். உள்ளங்கைகளைத் தேய்த்து அவன் நெற்றியில் வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு இப்பால் வந்தாள்.

பதிவு செய்த குரல் ஒலித்தது: "மூச்சை இழுத்துப் பிடிக்கவும்." மேசை உள்ளே நகர்ந்தது. "மூச்சை விடலாம்."

படம் வந்தது. முதுகுப் பக்கமிருந்து ஒரு கை. விலா எலும்புகளின் இடையே விரல்கள்.

பிரார்த்தனை. பொத்தான். பட்டை நிறைந்தது. கை போயிற்று. அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

தொலைபேசி அடித்தது. "உன் தம்பி அசைஞ்சிருக்கான்மா, படம் கலங்கலா இருக்கு. இன்னொரு தடவை எடு" என்றார் பெரிய டாக்டர். டாக்டர் பேச்சைத் தட்ட முடியாமல் மேசையை மறுபடி உள்ளே அனுப்பினாள்.

"மூச்சை இழுத்துப் பிடிக்கவும்."

துண்டு துண்டாகப் படம் இறங்கியது. பெரியவரின் கழுத்தைச் சுற்றி நின்ற அந்தக் கீறல். அந்தப் பெண்ணின் வயிற்றில் கிடந்த நான்கு. அவள் துடைத்தவை. ஒவ்வொன்றும் அடையாளம் தெரிந்தது. ஒன்றுகூட வெளியே போயிருக்கவில்லை. எல்லாம் அவன் மார்பில் வந்து குவிந்திருந்தன. கைக்கு மேல் கை, இடுக்கில்லாமல்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

பட்டை ஊர்ந்தது. கெட்ட இடத்தைத் தேடியது. படத்தில் எங்கும் கைகள். கைகளுக்கு நடுவே, வித்தியாசமாக, கொஞ்சம் நுரையீரல். கொஞ்சம் இதயம்.

அதைத்தான் அழுக்கென்று எடுத்துக்கொண்டது.

"வேணாம்," என்றாள். நிறுத்தும் பொத்தான் வேலை செய்யவில்லை. நுரையீரல் ஓரம் கரைந்தது. பக்கத்தில் இருந்ததை இழுத்து ஒட்டியது. ஒரு விரல். இன்னொரு விரல்.

"மூச்சை விட்டுடுடா! டேய், விட்டுடு!" ஒலிவாங்கியில் கத்தினாள். அவன் காதில் விழவில்லை. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளையாக, கன்னம் உப்ப, மூச்சைப் பிடித்தபடி கிடந்தான். விடலாம் என்ற குரல் வரவில்லை.

பட்டை நிறைந்தது. படம் ஒரு கீறலும் இல்லாமல் சுத்தமாக இருந்தது. அதில் தம்பி இல்லை.

கண்ணாடிக்கு அப்பால், அவன் மார்பில் அவள் இழுத்துவிட்ட போர்வை, விரல் விரலாக, உள்ளே அமுங்கிக்கொண்டிருந்தது.